‘இல்லு’ என்றால் வீடு: பக்கவாதத்துக்குப் பின் பேச்சிழந்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவமனையில் பேச்சு சிகிச்சையாளராக வேலை பார்க்கிறேன். இது ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய பதிவு. முதல் மதிப்பீட்டில் நான் ஒரு தவறு செய்தேன், அது இரண்டு நாள் யார் கண்ணிலும் படவில்லை. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய், சோதனை, சிகிச்சை சம்பந்தப்பட்டவை நடந்தது நடந்தபடி.

பின்னணி

61 வயது ஆண். ராயக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கிராமம். முப்பது வருடத்துக்கு மேலாகத் தக்காளி மண்டியில் கமிஷன் வேலை. மனைவி, ஒரு மகன், மருமகள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ‘உடம்பு நல்லாத்தானே இருக்கு’ என்று நான்கு மாதத்துக்கு முன் நிறுத்திவிட்டார். வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். இவர் அதில் பெயர் கொடுத்திருக்கவில்லை.

விடிகாலையில் மண்டியில் கிரேடு (தக்காளிப் பெட்டி) எண்ணிக்கொண்டிருந்தபோது வலது கை துவண்டு, வாய் கோணி, பேச்சு நின்றது. சுற்றி இருந்தவர்கள் உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஒருவர் சோடாவை வாயில் ஊற்றினார். புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் ஒரு கிளினிக், அங்கிருந்து இன்னோர் இடம் என்று சுற்றி எங்களிடம் வந்து சேரும்போது ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு, அது தாண்டிவிட்டது. சி.டி. ஸ்கேனில் மூளையின் இடது பக்கம், நடுத் தமனி ரத்தம் கொடுக்கும் பகுதியில் பாதிப்பு தெரிந்தது. உணவு கொடுக்க மூக்கு வழியாக வயிற்றுக்கு ரைல்ஸ் டியூப் போட்டார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல், வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா. அந்தச் சோடா மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எச்சிலே உள்ளே இறங்கியிருக்கலாம். ஆனால் விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்கு அமைந்ததில்லை.

மூன்றாம் நாள் எனக்குக் குறிப்பு வந்தது. தாமதம்தான், அதற்கு ஒரு காரணமும் உண்டு. எங்கள் படிப்பில் காதும் பேச்சும் சேர்ந்தே வரும். ஆகவே ஆஸ்பத்திரியில் பலருக்கும் நாங்கள் ‘காது டெஸ்ட் எடுக்கிறவங்க’. என் நாளில் பாதி ஆடியோமெட்ரி அறையிலேயே போய்விடும். விழுங்குவதைப் பார்ப்பதும் எங்கள் வேலை என்பது வார்டில் எல்லோருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள்: விழுங்கும் சோதனை

விழித்திருந்தார். நான் உள்ளே வந்ததும் கண் திரும்பியது. வலது உதடு மூடவில்லை, அந்தப் பக்கம் எச்சில் வழிந்தது. நாக்கில் வெள்ளையாகப் படலம், வாய் வறண்டு நாற்றம். இருமச் சொன்னால் வலுவில்லாத ஒரு செருமல். முதலில் வாயைச் சுத்தம் செய்துவிட்டு, சாய்த்து உட்காரவைத்து, டீஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். முதல் ஸ்பூனில் தொண்டை மேலேறவே நேரமெடுத்தது. இரண்டாவதில் இருமல். அதற்குப் பின் அவர் எழுப்பிய சத்தம் தொண்டையில் தண்ணீர் நிற்பது போலக் கொளகொளவென்று இருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வாய்வழி எதுவும் வேண்டாம், டியூப் தொடரட்டும், டியூபில் ஊட்டும்போதும் அரை மணி நேரம் பின்னும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும், தினம் மூன்று முறை வாய் துடைக்க வேண்டும் என்று எழுதினேன். வாய் துடைப்பதை யாரும் சிகிச்சையாக நினைப்பதில்லை. ஆனால் அழுக்கு வாயிலிருந்து எச்சில் நுரையீரலுக்கு இறங்குவது ஒன்று, சுத்தமான வாயிலிருந்து இறங்குவது வேறு. மனைவிக்குச் செய்துகாட்டினேன். அன்றிலிருந்து ஒரு வேளைகூட அவர் தவறவிடவில்லை.

நான்காம் நாள்: பேச்சு சோதனை, என் தவறு

கேஸ் ஷீட்டில் ‘மொழி’ என்று ஒரு கட்டம். அதில் ‘தமிழ்’ என்று எழுதியிருந்தது. மகனிடமும் கேட்டேன். ‘தமிழ்தான் மேடம். அப்பா தமிழ்லதான் படிச்சாரு, மண்டியிலயும் தமிழ்தான்’ என்றார். மகன் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதற்குச் சரியான பதில்தான் அது.

உடன் இருப்பவர்கள் ஆர்வத்தில் பதிலை எடுத்துக்கொடுத்துவிடுவார்கள் என்பதால் சோதனையின்போது அவர்களை வெளியே அனுப்புவது என் வழக்கம். அன்றும் மகனையும் அம்மாவையும் வெளியே அனுப்பினேன். என் தவறைப் பிடித்திருக்கக்கூடிய இரண்டு பேரையும் நானே அனுப்பிவிட்டேன் என்பது பின்னால்தான் உறைத்தது.

‘ஆமாம், இல்லை’ என்று தலையசைத்தால் போதும் என்கிற பத்துக் கேள்விகள். ஆறு சரி. கண்ணை மூடிக்கொண்டு அசைத்தாலே ஐந்து சரியாக வரும், ஆகவே ஆறுக்கு மதிப்பில்லை. பிறகு இருபது படங்கள், ஒவ்வொன்றாகக் காட்டி என்ன என்று கேட்பது. இரண்டு சரி: உப்பு, பால். மற்றவற்றில் பலவற்றுக்கு வாயே திறக்கவில்லை. திறந்த சிலவற்றை என் தாளில் இப்படி எழுதியிருக்கிறேன்:

வீட்டின் படத்தைக் காட்டியதும் ‘இல்ல’. மூன்று விரல் காட்டும் படத்துக்கு ‘மூடு’, கொஞ்சம் கோபமாக. கையின் படத்துக்கு ‘செய்யி’. மரத்துக்கு ‘செட்டு’.

மறுக்கிறார், எரிச்சல்படுகிறார், சம்பந்தமில்லாத சொற்களைச் சொல்கிறார் என்று முடிவு கட்டினேன். ‘பேச்சும் புரிதலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டுள்ளன, ஒத்துழைப்பு குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மகனிடம், ‘நீங்க பேசுறது அப்பாவுக்கு அவ்வளவா புரியலை’ என்று சொன்னேன்.

அந்த ஒரு வாக்கியம் என்னவெல்லாம் செய்தது என்பதையும் எழுத வேண்டும். அன்று மாலையிலிருந்து கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டே எல்லாவற்றையும் பேசத் தொடங்கினார்கள். பிழைப்பாரா, மண்டி பாக்கியை யார் யாரிடம் வசூலிப்பது, பேங்கில் கைநாட்டு வாங்கிவிடலாமா, இரண்டு மாட்டில் ஒன்றை விற்றுவிடலாமா. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ‘ஆர்வமின்மை’ என்று நர்ஸ் குறிப்பில் ஏறியது.

ஆறாம் நாள்

வார்டைத் துடைக்க வரும் ஆயாம்மா தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். நான் மறுபடியும் அதே படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டைக் காட்டினேன். ‘இல்லு’ என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த படத்தை எடுத்தேன்.

ஆயாம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: ‘மேடம், அவரு சரியாத்தானே சொல்றாரு. இல்லுன்னா வீடு. தெலுங்குல.’

எனக்குக் கை நின்றுவிட்டது. மூன்று விரல் படத்தைக் காட்டினேன், ‘மூடு’ என்றார். ஆயாம்மா, ‘மூணு’ என்றார். கை: ‘செய்யி’. மரம்: ‘செட்டு’. நான்குமே சரி.

நான் தென்மாவட்டத்துக்காரி, இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழி என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ‘தமிழ்’ என்று எழுதியிருந்த கட்டத்தைப் பார்த்ததும் அந்தத் தெரிதல் எங்கோ போய்விட்டது. அதற்கு மேல், தெலுங்கின் சில சொற்கள் தமிழ்க் காதுக்கு வேறு தமிழ்ச் சொற்களாகவே விழுகின்றன. முற்றிலும் அந்நியமான ஓசையாக இருந்திருந்தால் ‘இது வேறு மொழியோ’ என்று சந்தேகப்பட்டிருப்பேன். இல்லு, மூடு, செய்யி எல்லாம் எனக்குப் புரிந்தது போலிருந்ததால்தான் ஏமாந்தேன்.

ஒன்று மட்டும் காப்பாற்றியது. நோயாளி சொன்னதைச் சரி, தப்பு என்று மட்டும் குறிக்காமல் காதில் விழுந்தபடியே எழுதவேண்டும் என்று ஓர் ஆசிரியர் பழக்கிவைத்திருந்தார். அந்தத் தாளை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். இருபதில் இரண்டு என்று நான் போட்டிருந்த மதிப்பெண் எட்டாயிற்று.

மகனிடம் மறுபடி கேட்டேன், இந்த முறை வேறு மாதிரி: ‘அப்பாவுக்குக் கோவம் வந்தா எந்த பாஷையில திட்டுவாரு?’

‘திட்டுறதெல்லாம் தெலுங்குதான் மேடம். வீட்டுல தெலுங்குதான் பேசுவோம்.’

ஏழாம் நாள்: மறு மதிப்பீடு

மனைவியைக் கேள்வி கேட்பவராக வைத்துக்கொண்டேன். அதற்கு முன் அரை மணி நேரம் அவரோடு ஒத்திகை: பதில் சொல்லக்கூடாது, உதட்டை அசைத்துக் காட்டக்கூடாது, படத்தின் மேல் கண் போகக்கூடாது, பத்து வினாடி பொறுக்கவேண்டும். பொறுப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. சேலை நுனியை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்தார்.

தெலுங்கில் பத்துக் கேள்விகளில் ஒன்பது சரி. இருபது படங்களில் பதினொன்று. எண்ணச் சொன்னதும் ‘ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு’ என்று கிரேடு எண்ணுகிற வேகத்தில் பதினான்குவரை ஓடினார். திரும்பச் சொல்லும் சோதனையில் தனிச்சொல் வந்தது, வாக்கியம் வரவில்லை.

அதே நாள் தமிழிலும் செய்தேன். மூன்று நாளில் காய்ச்சல் இறங்கியிருந்தது, மூளை வீக்கமும் குறைந்திருக்கும். முன்னேற்றம் அதனால் வந்ததா, மொழி மாற்றியதால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேறு வழியில்லை. தமிழில் பத்துக்கு ஏழு, படங்களில் மூன்று. ஆகவே இடைவெளி பெரும்பாலும் மொழியால்தான். அதிலும் ஒரு பங்கு என் சோதனைத் தாளுக்கு உண்டு. அதன் தமிழ் யாரும் பேசாத தமிழ். ‘இது அருந்துவதற்குப் பயன்படுமா?’ என்று மண்டியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வாசிப்பில்தான் எதிர்பாராத ஒன்று. அவருக்குத் தெலுங்கு எழுத்தே தெரியாது, பள்ளியில் தமிழ்தான் படித்தார். தமிழில் எழுதிய சொல்லைப் படத்தோடு பொருத்தச் சொன்னபோது பத்தில் எட்டு சரி. வாய்க்குத் தெலுங்கு, கண்ணுக்குத் தமிழ். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் இது சாதாரணம்.

முடிவை மாற்றி எழுதினேன்: புரிதல் பெருமளவு தங்கியிருக்க, சொல்லெடுப்பும் வாக்கியமும் உடைந்துபோன வகை அஃபேசியா (மூளைப் பாதிப்பால் வரும் மொழிக் குறைபாடு). 1861இல் பாரிசில் மருத்துவர் பால் புரோக்கா, ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர வேறு பேச முடியாதிருந்த ஒருவரை வைத்து விவரித்த வகையைச் சேர்ந்தது. பழைய குறிப்பை அடிக்கவில்லை. அதன் கீழே தேதி போட்டு, ஏன் தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். டாக்டரிடமும் மகனிடமும் நேரில் சொன்னேன். டாக்டர் ‘சரி, இப்போவாவது தெரிஞ்சுதே’ என்றார். மகன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்ட முதல் கேள்வி, ‘அப்போ மாட்டை விக்கப் பேசுனதெல்லாம் அப்பாவுக்குக் கேட்டிருக்குமா?’

கேட்டிருக்கும் என்றேன்.

எந்த மொழியில் பயிற்சி?

பல மொழி பேசுபவருக்கு அஃபேசியா வந்தால் எந்த மொழி முதலில் திரும்பும் என்பதற்கு இரண்டு பழைய விதிகள் உண்டு. முதலில் கற்றதே மிஞ்சும் என்றார் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ. நோய்க்கு முன் அதிகம் புழங்கியதே முதலில் வரும் என்றார் பிரெஞ்சு மருத்துவர் பிட்ரஸ், 1895இல். இவருக்கு முதல் விதிப்படி தெலுங்கு, இரண்டாவதன்படி மண்டித் தமிழாகவும் இருக்கலாம். இரண்டு விதியும் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. கையில் இருக்கும் ஆளைத்தான் பார்க்கவேண்டும்.

மகன் தமிழ்தான் வேண்டும் என்றார், பிழைப்பு அதில் என்பதால். அம்மாவுக்குத் தெலுங்கு. எனக்கோ தெலுங்கு தெரியாது. தெரிந்த மொழியில் சிகிச்சை கொடுப்பது எனக்குச் சுலபம். அந்தச் சுலபத்துக்காகத் தமிழைத் தேர்ந்தெடுத்துவிடுவேனோ என்ற பயமும் இருந்தது. கடைசியில் இரண்டிலும் ஒன்றாக நிற்கும் சொற்களிலிருந்து ஆரம்பித்தோம்: கண்ணு, காலு, பாலு, ஊரு, பேரு, உப்பு, ரெண்டு, நூறு. இந்தச் சொற்களில் அவர் எந்த மொழியில் சொன்னாலும் சரி. அதற்கடுத்து வீட்டுத் தேவைகள் தெலுங்கில், மனைவி வழியாக. நான் பக்கத்தில் இருந்து எப்போது காத்திருப்பது, எப்போது முதல் ஓசையை எடுத்துக்கொடுப்பது என்று மட்டும் சொன்னேன். படங்களும் தமிழ் எழுத்துமாக ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். வாய் வராதபோது விரல் வைக்க.

எண்கள்தான் நல்ல பிடி. ஓட்டமாகப் பதினான்கு வரை வருகிறவருக்கு, தனியாக ‘மூன்று’ மட்டும் சொல்ல வராது. ஒன்றிலிருந்து ஓடி மூன்றில் நிற்கவேண்டும். நிற்பதுதான் பயிற்சி. கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வேன், நாலுகுக்குப் போய்விடுவார், சிரிப்பார். பக்கவாதத்துக்குப் பின் அவர் முதலில் சிரித்தது அதற்குத்தான்.

பத்தாம் நாள் ஒரு குழப்பம். அவர் மார்கழியில் பஜனை பாடுகிறவர். மனைவி மெதுவாக ஒரு அடியை எடுத்துக்கொடுக்க, அவர் அடுத்த இரண்டு அடியைச் சொல் பிசகாமல் பாடிவிட்டார். வார்டே திரும்பிப் பார்த்தது. ‘பேச்சு வந்துடுச்சு’ என்று ஊருக்குப் போன் போயிற்று. மறுநாள் தண்ணீர் கேட்க முடியாமல் அவர் திணறியபோது எல்லோருக்கும் ஏமாற்றம். மனப்பாடமான பாட்டும், நினைத்ததைச் சொல்லும் பேச்சும் ஒரே வழியில் வருவதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும். ராகத்தைப் பேச்சுக்குப் பாலமாக்கும் ஒரு முறை 1970களிலிருந்தே இருக்கிறது. இடது கையால் தாளம் தட்டி இரண்டு சொல் தொடர்களை இழுத்துச் சொல்லவைத்துப் பார்த்தோம். ஓரளவு உதவியது, அவ்வளவுதான்.

கூழும் களியும்

எட்டாம் நாள், காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆனபின், விழுங்குவதை மறுபடி பார்த்தோம். எக்ஸ்ரேயில் விழுங்குவதைப் படமாக ஓட்டிப் பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் மெல்லிய எண்டோஸ்கோப்பை மூக்கு வழியாக இறக்கிப் பார்த்தார். பச்சை நிறம் கலந்த தண்ணீர், விழுங்கும் முன்பே குரல்வளை வாசலுக்குள் வழிந்தது. உடனே இருமினார். அது நல்ல செய்தி. இருமலே வராமல் உள்ளே இறங்குகிறவர்களைக் கட்டிலோரச் சோதனையில் கண்டுபிடிப்பது கடினம். கெட்டியாக்கிக் கொடுத்தபோது ஒழுங்காக இறங்கியது. நாக்கின் அடிப்பக்கம் கொஞ்சம் தங்கியதை இரண்டாவது விழுங்கல் சுத்தம் செய்தது.

சரி, கெட்டியான திரவம். புத்தகப்படி அதற்கென்று பவுடர் இருக்கிறது. அதன் விலையைக் கேட்டதும் மகன் முகம் மாறியது. மனைவிதான் சொன்னார்: ‘எங்க வீட்டுல எப்பவும் கூழுதாம்மா.’

கேழ்வரகுக் கூழ் இந்த மாவட்டத்தின் இயல்பான கெட்டித் திரவம். ஆனால் எந்தக் கூழ்? ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பதம். ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற உலக அளவுகோலில் இதற்கு எளிய சோதனை உண்டு. ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சில் அடியை விரலால் மூடி 10 வரை நிரப்பி, பத்து வினாடி திறந்துவிட்டு மூடவேண்டும். 4 முதல் 8 மி.லி. வரை மிஞ்சினால் இரண்டாம் நிலை. அதற்கு மேல் மிஞ்சி, மெதுவாக ஒழுகிக்கொண்டும் இருந்தால் மூன்றாம் நிலை. இவருக்கு மூன்றாம் நிலை வேண்டும். மனைவி கொண்டுவந்த முதல் கூழில் 6 மிஞ்சியது. அடுத்த நாள் கெட்டியாகக் கரைத்து வந்ததில் 9.

செய்து பார்த்தபோதுதான் சில விஷயங்கள் தெரிந்தன. சூடாக இருக்கும்போது ஒழுகுகிற கூழ் ஆறினால் இறுகுகிறது, ஆகவே சாப்பிடும் சூட்டில்தான் சோதிக்கவேண்டும். கரைத்துவைத்த கூழ் கால் மணி நேரத்தில் பிரிந்து மேலே தண்ணீர் நிற்கிறது. அந்த மேல் தண்ணீரை முதல் ஸ்பூனில் கொடுத்தால் வெறும் தண்ணீர் கொடுத்ததற்குச் சமம். எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தை உடைத்து நீர்க்கவைக்கும், அதனால் வாயில் வைத்த ஸ்பூனைக் குண்டானுக்குள் விடக்கூடாது, சின்னக் கிண்ணத்தில் எடுத்துக் கொடுக்கவேண்டும். நொய்யை அரித்துவிடவேண்டும். வெங்காயம் கடித்துக்கொள்வது கிடையாது. மனைவி இதையெல்லாம் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார், சிரிஞ்சும் கையுமாக நிற்பார்.

பதினோராம் நாள் அவர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு ‘சங்கட்டி’ என்றார். இந்த முறை நான் கேட்டுவிட்டேன். சங்கட்டி என்றால் களி.

களி முடியாது என்று சொன்னேன். ஏன் என்று விளக்கவில்லை, அதற்குப் பதில் என்ன தரலாம் என்றும் சொல்லவில்லை. இந்தப் பதிவில் என் இரண்டாவது தவறு அது. களியை யாரும் மெல்லுவதில்லை. உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவதுதான் முறை. தொண்டை தாமதமாக வேலை செய்கிறவருக்கு, ஒட்டிக்கொள்ளும் ஒரு உருண்டையை மெல்லாமல் விழுங்குவதைவிட ஆபத்தானது அதிகமில்லை. பன்னிரண்டாம் நாள் மதியம் அவருடைய அண்ணன் தூக்குவாளியில் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்தார். அண்ணன் கையால் இரண்டு உருண்டை. மூன்றாவதில் முகம் சிவந்து, மூச்சுத் திணறி, நர்ஸ் ஓடிவந்து சக்‌ஷன் போட்டு உறிஞ்சி எடுத்தார். இரண்டு நாள் காய்ச்சலைக் கவனித்தோம். நல்ல வேளை, வரவில்லை.

அண்ணனைத் திட்டுவதில் அர்த்தமில்லை. பத்து நாளாக மூக்கில் குழாயோடு கிடந்த தம்பி, வாய் திறந்து முதல்முறை ஒன்றைக் கேட்டிருக்கிறார். அதற்கப்புறம் மனைவியோடு உட்கார்ந்து களியைத் தண்ணீர் கூட்டி, நெய் விட்டு, கட்டியில்லாமல் அடித்து, ஸ்பூனைச் சாய்த்தால் ஒட்டாமல் ஒரே மொத்தையாக விழும் பதத்துக்குக் கொண்டுவந்தோம். குழம்பில் கீரையைக் கடைந்து சேர்த்தோம். ஒரு டீஸ்பூன் அளவு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை விழுங்கவேண்டும். ‘இதுக்குப் பேரு களியா’ என்பது போல என்னைப் பார்த்தார். ஆனால் சாப்பிட்டார்.

பதிமூன்றாம் நாள் டியூபை எடுத்தோம். பதினாறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

வீட்டுக்குப் போன பின்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னேன். மூன்று முறை வந்தார்கள், பின் ஐந்து வாரம் வரவில்லை. பஸ், ஒரு நாள் கூலி, மகனின் மண்டி வேலை எல்லாமே காரணம். போனில் வீடியோ அனுப்பச் சொல்லியிருந்தேன், அதுவும் நின்றுவிட்டது. கூப்பிட்டபோது மனைவி சொன்னது: ‘அவரு அழுதுகிட்டே இருக்காருமா. நோட்டைத் தூக்கிப் போட்டுட்டாரு.’

பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது வழக்கமான ஒன்று, பேச்சும் போயிருந்தால் அதைச் சொல்லவும் வழியில்லை. நான் படங்களையும் எண்களையும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேனே தவிர, இரண்டு மாதம்வரை இதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. டாக்டரிடம் அனுப்பி மருந்து ஆரம்பித்தோம். ஆறேழு வாரத்தில் நோட்டு திரும்ப வந்தது.

மருந்து மட்டுமா என்று தெரியாது. அதே சமயத்தில் மகன் அவரை மண்டிக்குக் கூட்டிப்போக ஆரம்பித்திருந்தார். காலையில் இரண்டு மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பாக்கிக் கணக்கு நோட்டில் இருந்த சுருக்கக் குறிகள் மகனுக்குப் புரியவில்லை. அப்பா விரல் வைத்து, ஆளைக் கண்ணால் காட்டி, தொகையை எண்ணி நிறுத்திச் சொன்னார். கைநாட்டுப் பேச்சு அதோடு நின்றது. இடது கையால் கையெழுத்துப் பழகினார்.

மூன்றாம் மாதம் படங்களில் தெலுங்கில் பதினேழு, தமிழில் பதினொன்று. தமிழுக்குத் தனியாக நான் அதிகம் எதுவும் செய்யவில்லை, மண்டிதான் செய்திருக்கவேண்டும். ஆறாம் மாதத்தில் இரண்டு மூன்று சொல் தொடர்கள் வருகின்றன. நீண்ட வாக்கியம் இல்லை. முகம் தெரியாமல் போனில் பேசுவது இன்னும் முடியவில்லை. சாப்பாடு எல்லாம் சாதாரணம், களியும்தான், உருண்டை மட்டும் சின்னது. தண்ணீரை மட்டும் ஒவ்வொரு மடக்காகக் குடிக்கிறார், அவசரப்பட்டால் இப்போதும் புரையேறுகிறது.

மகன் ஊனமுற்றோர் சான்றிதழ் பற்றிக் கேட்டார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு, மொழிக் குறைபாடு 21 வகைகளில் ஒன்று. அதன் விளக்கத்தில் அஃபேசியா பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. கை பலவீனத்துக்கு மட்டும் விண்ணப்பிக்க நினைத்திருந்தார்கள். பேச்சையும் சேர்த்து விண்ணப்பிக்கச் சொல்லி மதிப்பீட்டு அறிக்கை எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

மாற்றியவை

படிவத்தில் ‘மொழி’ என்ற ஒரு கட்டத்தை எடுத்துவிட்டு நான்கு கேள்வி வைத்தேன்: வீட்டில் எதில் பேசுவார், வேலையில் எதில் பேசுவார், எதில் எழுதப் படிக்கத் தெரியும், கோபம் வந்தால் எதில் திட்டுவார். நான்காவதற்கு யாரும் யோசித்துப் பதில் சொல்வதில்லை, உடனே வந்துவிடுகிறது. அதனால் அதையே முதலில் கேட்கிறேன்.

சோதனையின்போது வீட்டு ஆளை வெளியே அனுப்புவதில்லை. பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, முடிந்தபின் என் தாளை அவரிடம் வாசித்துக் காட்டுகிறேன். வார்டில் யார் யாருக்குத் தெலுங்கு, கன்னடம், உருது தெரியும் என்று ஒரு பட்டியல் நர்ஸ் மேசையில் ஒட்டியிருக்கிறது. ஆயாம்மா பெயர் முதலில். இது அவர்களுக்குக் கூடுதல் வேலை, கூடுதல் சம்பளம் கிடையாது. எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

முதல் நாளே விழுங்கும் சோதனை செய்ய நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தோம். பகல் ஷிப்டில் நடக்கிறது. இரவில் இன்னும் சரியாக நடப்பதில்லை. ‘இது வேண்டாம்’ என்று உணவுக் குறிப்பு எழுதினால் பக்கத்திலேயே ‘இது தரலாம்’ என்றும் எழுதுகிறேன், அதைக் கொண்டுவரக்கூடியவர் யாரோ அவரிடமே சொல்கிறேன். மனச்சோர்வுக் கேள்விகளை முதல் மறுவருகையிலேயே கேட்டுவிடுகிறேன்.

ஒன்று விட்டுப்போயிருக்கிறது. லாரிக்காரர்களோடு முப்பது வருடம் கன்னடம் பேசியவர் அவர். அதை நான் சோதிக்கவே இல்லை. போன முறை வந்தபோது மகன் சொன்னார்: கோலாரிலிருந்து வந்த டிரைவர் ஏதோ விலை கேட்க, அப்பா யாரும் எடுத்துக்கொடுக்காமல் ‘நூறு’ என்றாராம். எந்த மொழியில் சொன்னார் என்று கேட்டேன். மகன் கொஞ்சம் யோசித்தார். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அது கிட்டத்தட்ட ஒரே சொல். ‘தெரியலையே மேடம்’ என்றார். அடுத்த வருகைக்குக் கன்னடம் தெரிந்த ஒரு நர்ஸை வரச் சொல்லியிருக்கிறேன்.